கனமான இயந்திரம் ஏறும் தளம்: அறிகுறியைப் பார்த்து வலுப்படுத்தும் வழிமுறை

மாடியில் ஒரு கனமான இயந்திரத்தை ஏற்றியிருக்கிறார்கள், அல்லது ஏற்றப் போகிறார்கள். தளத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. அடிப்பக்கம் ஒரு கோடு தெரிகிறது, நடந்தால் அதிர்கிறது, கதவு உரசுகிறது. உடனே வரும் கேள்வி, "கார்பன் இழைப் பட்டை ஒட்டலாமா, இரும்பு பீம் கொடுக்கலாமா?" என்பதுதான். நான் அதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: இயந்திரத்தின் காலில் இறங்கும் எடை எந்த வழியாக மண்ணுக்குப் போய்ச் சேருகிறது? தளம், பீம், தூண், அஸ்திவாரம், மண். இந்த வழியில் எந்த இடம் இளைத்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும். இளைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பலப்படுத்தினால் பணம் வீண். சில நேரம் ஆபத்தும் கூடும்.

கணக்குப் போடுவதும் கையெழுத்திடுவதும் கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. அவரைக் கூப்பிடும் முன் எதைப் பார்க்க வேண்டும், அவர் சொல்லும் தீர்வு உங்கள் அறிகுறிக்குப் பொருந்துகிறதா என்று எப்படிப் புரிந்துகொள்வது, இதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

இவை தெரிந்தால் மேலே படிக்க வேண்டாம், ஆட்களை வெளியேற்றுங்கள்

பீமின் முனையில், தூணுக்குப் பக்கத்தில், சாய்வாக ஏறும் விரிசல். பீம் இல்லாத தட்டைத் தளமாக இருந்தால், தூணைச் சுற்றி மேல்பக்கம் வட்டமாக ஓடும் விரிசல். நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று இறுகிக்கொள்வது. கான்கிரீட்டிலிருந்து வெடிப்பது போன்ற சத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இயந்திரத்தை நிறுத்தி, அந்தத் தளத்திலும் அதற்குக் கீழேயும் மேலேயும் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டு, பொறியாளரைக் கூப்பிடுங்கள். எடையை எப்படி இறக்குவது, எங்கே முட்டுக் கொடுப்பது என்பதை அவர் வந்து சொல்லட்டும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சியோலின் சாம்பூங் பல்பொருள் அங்காடிக்கு நேர்ந்தது இதேதான். அதுவும் பீம் இல்லாத தட்டைத் தளக் கட்டடம். கூரையில் இருந்த கனமான குளிர்சாதன இயந்திரங்களை 1993இல் கிரேன் வைத்துத் தூக்காமல் தளத்தின் மேலேயே இழுத்து இடம் மாற்றினார்கள். தூண்களைச் சுற்றி விரிசல் வந்தது. இயந்திரம் ஓட ஓட, அதிர்வில் விரிசல் வளர்ந்தது. 1995 ஜூன் 29 அன்று விரிசல் கண்ணெதிரே விரிந்தபோது இயந்திரங்களை நிறுத்தினார்கள், ஆட்களை வெளியேற்றவில்லை. அன்று மாலை கட்டடம் விழுந்து 502 பேர் இறந்தார்கள். வளைவதால் வரும் சேதம் தொய்ந்து, விரிந்து, நாள் கொடுத்து வரும். ஷியரில், அதாவது வெட்டு விசையில் வரும் சேதம் அப்படி அவகாசம் கொடுக்காது.

இன்னும் அறிகுறி எதுவும் இல்லை, ஏற்றலாமா என்று மட்டும் தெரிய வேண்டும்

சரி, அப்படியானால் முதலில் எண்கள். வீட்டுத் தளம் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படும். அலுவலகம் என்றால் 250 முதல் 400 வரை. கிடங்கு, நூலக அடுக்கு போன்றவற்றுக்கு இதைவிட நிறைய. நாட்டுக்கு நாடு விதி கொஞ்சம் மாறும், ஆனால் எண்ணின் அளவு இதுதான்.

இப்போது 1,000 கிலோ எடையுள்ள ஒரு சர்வர் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிற்கும் இடம் 0.6 மீட்டருக்கு 1.2 மீட்டர். சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,400 கிலோ. தண்ணீர்த் தொட்டி இன்னும் எளிது: ஒரு மீட்டர் உயரத் தண்ணீர், சதுர மீட்டருக்கு ஒரு டன். யுபிஎஸ் பேட்டரி அறை பார்க்கச் சின்னதாக இருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈயம்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "மூன்று டன் இயந்திரம், அறை இருபது சதுர மீட்டர், ஆக 150 கிலோதானே" என்று சராசரி எடுப்பது. பீமுக்கும் தூணுக்கும் அந்தக் கணக்கு ஓரளவு உதவும். தளத்துக்கு உதவாது, ஏனென்றால் எடை நான்கு கால்களில்தான் இறங்குகிறது. இன்னொன்று, இயந்திரத்தின் வெற்று எடையை மட்டும் எடுத்துக்கொள்வது. எண்ணெய், தண்ணீர், அதில் ஏற்றும் சரக்கு, அடியில் போடும் கான்கிரீட் மேடை எல்லாம் சேர்ந்ததுதான் எடை. அந்த மேடை சில சமயம் இயந்திரத்தைவிடக் கனமாக இருக்கும்.

பழைய வரைபடம் கையில் இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சிங்கப்பூரில் 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்ட் விழுந்து 33 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது, கட்டடத்தின் சொந்த எடையையே முதல் வடிவமைப்பில் கணக்கில் எடுக்கவில்லை என்று தெரிந்தது. வரைபடத்தில் உள்ள கம்பி உண்மையில் உள்ளே இருக்கிறதா என்று கம்பி காட்டும் கருவியை வைத்துப் பாருங்கள். ஓரிரு இடத்தில் கொத்தித் திறந்து கம்பியின் விட்டத்தையும் அளந்துவிடுங்கள். கான்கிரீட்டின் வலிமைக்கு, சுத்தியல் போன்ற ரீபவுண்ட் கருவி ஒரு மதிப்பீடுதான் தரும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கோர், அதாவது உருளைத் துண்டு, வெட்டிச் சோதிக்க வேண்டும்.

பற்றாக்குறை சிறிதாக இருந்தால், வலுப்படுத்தும் முன் எடையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 75 மிமீ தடிமனுள்ள பழைய சமன் காரையையும் டைல்ஸையும் பெயர்த்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ திரும்பக் கிடைக்கும். இயந்திரத்தை இடம் மாற்றினாலும் பெரிய பலன் உண்டு. இரு முனையிலும் வெறுமனே தாங்கி நிற்கும் தளத்தில், நடுவில் வைத்த எடையை, தாங்கும் இடத்திலிருந்து நீளத்தில் எட்டில் ஒரு பங்கு தூரத்துக்கு நகர்த்தினால் வளைக்கும் விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அந்த ஓரத்தில் ஷியர் கூடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, தளத்தையே தொடாத இரும்புச் சட்டம். இரண்டு பக்கப் பீம்களுக்கு நேர் மேலே சின்ன மேடை கட்டி, அவற்றின் மீது இரும்பு பீம்களைக் கிடத்தி, அதன் மேல் இயந்திரத்தை வைப்பது. எடை நேராகப் பீமுக்குப் போய்விடும், நடுவில் உள்ள தளத்துக்கு வேலையே இல்லை. சட்டத்துக்கும் தளத்துக்கும் இடையில் 15 முதல் 20 மிமீ இடைவெளி விடுங்கள். எடை ஏறினால் இரும்பு வளையும். இடைவெளி இல்லாவிட்டால் அது தளத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு சட்டம் போட்டதில் அர்த்தமில்லை. இடைவெளியை அட்டையாலோ தெர்மோகோலாலோ அடைத்துவிடாமல், அள்ளிச் சுத்தம் செய்யும்படி வெறுமையாக வையுங்கள்.

தளத்தின் அடியில், நடுப்பகுதியில் விரிசல்

இது வளைவதால் வருவது. கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, கான்கிரீட் இழுவைக்குத் தாங்காது, விரிகிறது, கம்பி இழுவையை ஏற்கிறது. மெல்லிய விரிசல் இருப்பதே தவறில்லை; கான்கிரீட் தளம் அப்படித்தான் வேலை செய்யும். பல வடிவமைப்பு விதிகள் 0.3 மிமீ அகலம் வரை ஒத்துக்கொள்கின்றன. கையில் அளவு அட்டை இல்லாவிட்டால், ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மிமீ. அதன் விளிம்பு விரிசலுக்குள் நுழைந்தால் தாமதிக்காதீர்கள். சாதாரண வெள்ளைத் தாள் சுமார் 0.1 மிமீ.

அகலத்தைவிட முக்கியம், அது நகர்கிறதா என்பது. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரு முனையிலும் எபாக்சி வைத்து ஒட்டலாம். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மூன்று வாரம் கழித்துப் பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் போயிருந்தால், அது உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

விரிசல் கம்பியின் வழியே நீளமாக ஓடி, பழுப்புக் கறையும் சேர்ந்து வந்தால் கதை வேறு. அது துரு. மேலே எடை குறைவாக இருந்தாலும் வரும். புதிதாக உடைத்த முகத்தில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டின் காரத்தன்மை இருக்கிறது. கம்பி ஆழம்வரை நிறம் வராவிட்டால் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. துருவை எடுக்காமல் அதன் மேல் எதை ஒட்டினாலும், ஒட்டியது கான்கிரீட் மேலோட்டோடு சேர்ந்து கழன்று விழும்.

சுத்தமான வளைவு விரிசலுக்குக் கார்பன் பட்டை நல்ல மருந்து. ஒன்றரை மிமீகூட இல்லாத தடிமன், எடையே கிடையாது, கீழ் அறையின் உயரமும் குறையாது. 1991இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் அருகே இபாக் பாலத்தை வலுப்படுத்தியபோது, 175 கிலோ எஃகுத் தகடு செய்ய வேண்டிய வேலையை 6.2 கிலோ கார்பன் பட்டை செய்தது. ஆனால் பட்டையின் முழு பலமும் பசையிலும், பசை பிடித்திருக்கும் கான்கிரீட் தோலிலும்தான் இருக்கிறது. வட்டத் தகடு ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனையில் குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் வர வேண்டும். பூச்சின் மேல் ஒட்டவே கூடாது. காரையைக் கொத்தி, கான்கிரீட்டைத் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்த பிறகுதான் பசை.

நெருப்பையும் யோசிக்க வேண்டும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி பல வகைகள் 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். தீ வந்தால் பட்டை இல்லை என்றே வைத்துக்கொண்டு, பழைய தளம் குறைந்தபட்சம் தன் எடையையும் பயன்பாட்டுச் சுமையின் பெரும்பகுதியையும் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றால் அந்த இடத்துக்குக் கார்பன் பட்டை பொருந்தாது.

விரிசல் பெரிதாக இல்லை, ஆனால் தளம் தொய்கிறது

இங்கேதான் கார்பன் பட்டையைத் தவறாக விற்கிறார்கள். அது பலத்தைக் கூட்டும், விறைப்பை அவ்வளவாகக் கூட்டாது. தொய்வு என்பது விறைப்புக் குறைவு. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால், பட்டை ஒட்டிய பிறகும் இயந்திரத்தின் மட்டம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் அளவெடுங்கள். பீமுக்குப் பீம் நூல் பிடித்து நடுவில் அளக்கலாம், ஆனால் கட்டும்போதே பலகை தொய்ந்திருந்தால் அந்த அளவு ஏமாற்றும். நான் செய்வது இது: கீழ்த் தளத்தில் ஒரு கம்பியை நட்டு, அதன் தலைக்கும் மேல்தளத்துக்கும் 10 மிமீ இடைவெளி இருக்கும்படி வெட்டி நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை அந்த இடைவெளியை அளப்பது. பத்து, ஒன்பதரை, ஒன்பது என்று குறைந்தால் தளம் இன்னும் இறங்குகிறது. எடை நிரந்தரமாக நின்றால் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். முதல் நாள் தொய்வைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆவது சகஜம். மொத்தத் தொய்வுக்கு நீளத்தில் 250இல் ஒரு பங்கு என்பது பரவலான வரம்பு. ஐந்து மீட்டருக்கு 20 மிமீ. பல இயந்திரங்களுக்கு அதுவே அதிகம், அவற்றின் மட்டம் மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

தொய்வை வெல்ல இரண்டு வழி. ஒன்று தளத்தைத் தடிமனாக்குவது, இன்னொன்று இடைதூரத்தை, அதாவது தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரத்தை, குறைப்பது. பரவிய சுமையில் தொய்வு இடைதூரத்தின் நான்காம் அடுக்காக ஏறுகிறது. அதனால் நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து இடைதூரத்தைப் பாதியாக்கினால், ஒவ்வொரு பாதியையும் தனியாகப் பார்க்கும்போது தொய்வு பதினாறில் ஒரு பங்காகும். காகிதத்தில் இதைவிட அழகான தீர்வு கிடையாது. களத்தில் இது சொதப்பும் விதத்தைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

அடியில் இரும்பு பீம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் தொய்கிறது

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். புது பீமின் மேல் முகத்துக்கும் தளத்தின் அடிக்கும் நடுவில் தாளைச் செருகிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கட்டடத்தில், பளபளவென்று வண்ணம் பூசிய பீமின் ஒரு முனையில் செருகிய தாள், இழுக்க இழுக்க மறுமுனை வரை ஓடியது. எங்கேயும் சிக்கவில்லை. மூன்று வாரமாகத் தளம் ஒரு கிலோ எடையைக்கூட அந்த பீமிடம் கொடுக்கவில்லை. கீழே நின்று பார்த்தால் பீமும் தளமும் ஒட்டியிருப்பதாகத்தான் தெரிந்தது.

கான்கிரீட்டின் அடிப்பக்கம் ஒருபோதும் நேர்க்கோடாக இருக்காது. இரும்பு பீம் நேராக இருக்கும். இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இருக்கத்தான் செய்யும். அந்த இடைவெளி மூடும்வரை தளம் தொய்ந்தால்தான் பீம் வேலைக்கு வரும், அதற்குள் விரிசல் வந்துவிடும். சாதாரண சிமென்ட் காரையைத் திணித்தால் அது காயும்போது சுருங்கி மறுபடி இடைவெளி விடும். சுருங்காத கிரவுட்டை, அதாவது இடைவெளியை நிரப்பும் கலவையை, முழு நீளத்துக்கும் நிரப்புங்கள்.

இடைவெளியை நிரப்பினால் போதுமா? அதற்குப் பிறகு ஏறும் எடையில் மட்டும்தான் பீம் பங்கு எடுக்கும். ஏற்கெனவே நிற்கும் எடையும் தளத்தின் சொந்த எடையும் பழையபடி தளத்தின் மேல்தான். 150 மிமீ தளத்தின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 375 கிலோ என்பதை நினைவில் வையுங்கள். அதனால் முடிந்தால் இயந்திரத்தை இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். முடியாவிட்டால் ஜாக்கி வைத்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜைப் பார்த்தபடி, பொறியாளர் சொன்ன விசைவரை மெதுவாக ஏற்றி, எஃகு ஆப்பு அடித்து நிறுத்தி, பிறகு கிரவுட் நிரப்பி, அது இறுகிய பின் ஜாக்கியை எடுக்க வேண்டும். பீமின் இரண்டு முனைகள் எதன் மேல் உட்காருகின்றன என்பதையும் பாருங்கள். செங்கல் சுவரில் துளை போட்டு வைத்தால், அடியில் கான்கிரீட் திண்டு இல்லாமல் சுவர் நொறுங்கும்.

பீம் கொடுத்த பிறகு, அதற்கு நேர் மேலே தளத்தின் மேற்பரப்பில் விரிசல்

இந்த விரிசலைக் கண்டு எல்லோரும் குழம்புவார்கள். பலப்படுத்திய இடத்திலேயே விரிகிறதே என்பார்கள். காரணம் எளிது. நடுவில் தாங்கல் வந்ததும் அந்த இடத்தில் தளம் கீழ்நோக்கி வளைவதை விட்டு, தாங்கலின் மேல் முதுகு வளைக்க ஆரம்பிக்கிறது. இழுவை மேல்பக்கத்துக்கு மாறிவிட்டது. பழைய வடிவமைப்பில் நடுப்பகுதிக்குக் கம்பி அடியில்தான் போட்டிருப்பார்கள். மேலே வெறும் கான்கிரீட். பரவிய சுமைக்கு, இந்தத் தலைகீழ் வளைவு விசை பழைய நடு வளைவு விசையில் நாலில் ஒரு பங்கு வரும். ஜாக்கியை அளவுக்கு மீறி ஏற்றினால் இன்னும் கூடும்.

மருந்து: மேற்பரப்பில் காடி வெட்டி, அதில் கம்பி அல்லது கார்பன் பட்டையை எபாக்சியில் பதிப்பது. மேலே புதுக் கான்கிரீட் அடுக்கு போடுவதாக இருந்தால் அதற்குள்ளேயே பீமுக்குக் குறுக்காக மேல்கம்பி கொடுத்துவிடலாம். இதைப் பீம் கொடுக்கும் முன்பே யோசித்திருந்தால் ஒரே வேலையில் முடிந்திருக்கும். பொறியாளரின் வரைபடத்தில் புது பீம் இருந்தால், "அதுக்கு மேல டாப் கம்பி என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பீம் முனையில் சாய்வு விரிசல், தூணைச் சுற்றி விரிசல்

எடையை இறக்கி, ஆட்களை வெளியேற்றி, முட்டுக் கொடுத்த பிறகு பேசுகிறோம் என்று வைத்துக்கொள்கிறேன். பீமின் முனையில் ஏறத்தாழ 45 பாகையில் ஏறும் விரிசலுக்குப் பீமின் அடியில் பட்டை ஒட்டுவது தவறான மருந்து. அதனால் பீம் வளைவைத் தாங்கும், மேலும் எடை ஏற்றத் துணிவு வரும், கடைசியில் ஷியரில் முன்னறிவிப்பின்றி உடையும். விரிசலுக்குக் குறுக்கே வேலை செய்யும் ஏற்பாடு வேண்டும்: பீமைச் சுற்றிப் புது ரிங் கம்பிகள் கட்டி நுண்கான்கிரீட்டில் உறை போடுவது, அல்லது பக்கங்களில் கார்பன் துணியை யு வடிவில் சுற்றி அதன் மேல்முனைகளை நன்றாக நங்கூரமிடுவது.

தட்டைத் தளத்தில் தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. தூணின் தலையை இரும்புக் காலரால் அல்லது கான்கிரீட்டால் அகலமாக்கலாம். தளத்தினூடே செங்குத்தாகத் துளையிட்டு ஷியர் போல்ட் பொருத்தலாம். இது பழகிய ஆளின் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

மேலே போட்ட புதுக் கான்கிரீட் அடுக்கு தட்டினால் டொக் டொக்கென்கிறது

சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே நடங்கள். நன்றாகப் பிடித்த இடம் கணீரென்று ஒலிக்கும், விட்ட இடம் வெற்றுப் பெட்டி போல ஒலிக்கும். விட்ட இடத்தில் புது அடுக்கு பழைய தளத்தோடு சேர்ந்து வளையவில்லை, வெறுமனே அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. 50 மிமீ அடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு 125 கிலோ கூடுதல் எடை. பலம் கொடுக்க வந்தது சுமையாகிவிட்டது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பழைய மேற்பரப்பை அரைகுறையாகக் கொத்தியது; ஜல்லி தெரியும்வரை, மேடு பள்ளம் சில மில்லிமீட்டர் இருக்கும்படி கொத்த வேண்டும். தூசியை விட்டது. அல்லது ஈரப்பதம் தவறியது: பழைய தளம் முந்தின நாளே நனைந்து உள்ளே ஈரமாகவும், கான்கிரீட் போடும்போது மேலே தண்ணீர் தேங்காமலும் இருக்க வேண்டும். காய்ந்த தளம் புதுக் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும், தேங்கிய தண்ணீர் பிடிப்பைக் கெடுக்கும். அப்புறம் ஒரு வாரமாவது விடாமல் தண்ணீர் காட்டாவிட்டால் ஓரங்கள் சுருங்கி மேலே தூக்கிக்கொள்ளும். வெற்றுச் சத்தம் சிறு இடங்களில் என்றால் துளையிட்டு எபாக்சி செலுத்தி, ஷியர் கம்பிகளைப் பதிக்கலாம். பாதி அறை அப்படி ஒலித்தால் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி. மனசு வராது, ஆனாலும் அதுதான் சரி.

இயந்திரம் ஓடும்போது தளம் அதிர்கிறது

எடை தாங்குகிறது, விரிசல் இல்லை, ஆனால் மேசையில் வைத்த தண்ணீர் நடுங்குகிறது. இங்கே பலத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தளத்தின் இயல்பு அதிர்வெண்ணும் இயந்திரத்தின் வேகமும் நெருங்கிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 960 சுற்று என்றால் விநாடிக்கு 16. தளத்தின் அதிர்வெண்ணைத் தோராயமாக அறிய, தன் எடையிலும் நிற்கும் எடையிலும் அது எத்தனை மில்லிமீட்டர் உடனடியாகத் தொய்கிறது என்று கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தால் 18ஐ வகுத்தால் போதும். 5 மிமீ தொய்வு என்றால் விநாடிக்கு சுமார் 8.

இப்போது அந்தத் தளத்தின் பீம்களுக்கு உறை போட்டு விறைப்பை நான்கு மடங்காக்கினால் என்ன ஆகும்? அதிர்வெண் இரட்டிக்கும், 16 ஆகும். இயந்திரத்தின் வேகத்தோடு போய் மிகச் சரியாக ஒட்டிக்கொள்ளும். வலுப்படுத்திய பிறகு அதிர்வு கூடிவிட்டது என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. ஒன்று, இயந்திர வேகத்தைத் தெளிவாகத் தாண்டும் அளவுக்கு விறைப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைப்பைத் தொடாமல் இயந்திரத்தை ஸ்பிரிங் மேல் உட்கார வைக்க வேண்டும். எடையில் 25 மிமீ அமுங்கும் ஸ்பிரிங்கின் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 3. 16இல் ஓடும் இயந்திரத்தின் அதிர்வை அது பெரும்பாலும் வடிகட்டிவிடும். கையால் அமுக்கினால் அமுங்காத மெல்லிய ரப்பர் தகடு இந்த வேகத்துக்கு ஒன்றும் செய்யாது. ஸ்பிரிங் அதிர்வைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வைத்த இடத்தில் ஒன்றுமில்லை, கொண்டுவந்த வழியில் விரிசல்

நிரந்தர இடத்தை மட்டும் வலுப்படுத்திவிட்டு, தாழ்வாரத்தை மறந்துவிட்டார்கள். சக்கர வண்டியில் ஏறிய இயந்திரத்தின் முழு எடையும் நான்கு சின்னச் சக்கரங்களில் இறங்கி, வழியெல்லாம் ஒவ்வொரு தளத் துண்டின் நடுவையும் தாண்டித்தான் வருகிறது. வழி நெடுக இரும்புத் தகடு விரித்து, அடியில் தற்காலிக முட்டுக் கொடுங்கள். முட்டு கீழ்த் தளத்தில் நிற்கிறது என்றால் அந்தத் தளமும் தாங்க வேண்டும். மண்வரை அடுக்கடுக்காக முட்டு இறங்க வேண்டியிருக்கலாம்.

துளையிடும் முன்

தளம் எந்த வகை என்று தெரியாமல் டிரில்லைத் தொடாதீர்கள். இழுவிசைக் கேபிள் உள்ள தளமானால், ஒரு கேபிள் அறுந்தாலே அதன் நீளம் முழுவதும் அந்தக் கேபிளின் பலம் போகலாம், அறுந்த கேபிள் ஆளையும் அடிக்கலாம். உள்ளீடற்ற ஆயத்தப் பலகைகளில் கம்பிகள் இடைச் சுவர்களில் ஓடும், அங்கே துளை கூடாது. மரத் தளம் என்றால் முதலில் உத்திரத்தின் சுவருக்குள் போகும் முனையைக் குத்திப் பாருங்கள். உளுத்திருந்தால், நடுவில் பக்கத்துணை மரம் சேர்த்தும் பயனில்லை.

தளம் சரியாகிவிட்டது, கீழ் மாடிச் சுவரில் புது விரிசல்

பிரச்சினை எடை போகும் வழியில் கீழே இறங்கியிருக்கிறது. தூணையும் அஸ்திவாரத்தையும் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். ஒற்றை இயந்திரத்துக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. பேட்டரி அறை, தண்ணீர்த் தொட்டி, நகரும் கோப்பு அடுக்குகள் போன்று பரந்த எடையில்தான் இது தலைகாட்டும்.

முடித்த பிறகு சோதனை

வண்ணம் பூசும் முன் சுமைச் சோதனை செய்துவிடுங்கள். பொறியாளர் குறித்த சோதனைச் சுமையைக் கால் கால் பங்காக ஏற்றி, 24 மணி நேரம் நிறுத்தி, தொய்வை அளந்து, இறக்கி, இன்னொரு 24 மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். தொய்வில் முக்கால் பங்காவது மீண்டிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கட்டி ஏற்றுவது வசதி, பத்து சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்று கணக்கும் எளிது. செங்கல் அடுக்கினால் தனித்தனித் தூண்களாக, நடுவில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கி அடுக்கினால் செங்கலே வளைவு போலத் தன்னைத் தாங்கிக்கொண்டு எடையை ஓரத்துக்கு அனுப்பிவிடும், தளம் பாஸாகிவிட்டதாகத் தோன்றும். சோதனையின்போது அடியில் முட்டுகள் இருக்கட்டும், தளத்தைத் தொடாமல் சில சென்டிமீட்டர் கீழே.

பிறகு, தளத்தில் இயந்திரத்தின் கால்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, சுவரில் இரண்டு வரி எழுதி மாட்டுங்கள்: இந்தக் கோட்டுக்குள் எத்தனை டன், கோட்டுக்கு வெளியே சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ. பத்து ஆண்டு கழித்து வேறொரு இயந்திரத்தோடு அந்த அறைக்குள் வருபவர் முதலில் பார்ப்பது அந்தப் பலகையாக இருக்கட்டும்.